ஆன் ஆர்பர் முதல் வாஷிங்டன் சதுக்கம் வரை: இரு வணிகக் கல்லூரிகளை இணைக்கும் வழி

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் அனுமதிக் கடிதங்கள் பெரும்பாலும் மார்ச் இறுதிக்குள் வந்துவிடுகின்றன. எந்தக் கல்லூரியில் சேர்வது என்ற முடிவை வழக்கமாக மே முதல் நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதால், ஏப்ரல் மாதம் முழுவதும் ஆயிரக்கணக்கான குடும்பங்களில் ஒப்பீடும் கணக்கும் விவாதமுமாகக் கழிகிறது. பள்ளிப்படிப்பு முடிந்ததும் நேரடியாக வணிக மேலாண்மை பயில விரும்பும் மாணவரிடம் அவ்வேளையில் அடிக்கடி எதிரெதிராக நிற்கும் இரு பெயர்கள், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ராஸ் வணிகக் கல்லூரியும் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டெர்ன் வணிகக் கல்லூரியும் ஆகும். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபர்டு போன்றவை இளநிலையில் வணிகப் பட்டம் வழங்குவதில்லை. அங்கெல்லாம் மாணவர்கள் பொருளியலோ பிற துறையோ பயின்று, பெரும்பாலும் சில ஆண்டுகள் பணியாற்றிய பின்னரே முதுநிலை மேலாண்மைப் படிப்புக்குச் செல்கின்றனர். 1881இல் பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் வார்ட்டன் கல்லூரியைத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த மற்றொரு மரபு, பதினெட்டு வயது மாணவருக்கே கணக்கியல், நிதி, சந்தையியல், நிறுவன நடத்தை ஆகியவற்றை நான்காண்டுப் பட்டமாகக் கற்பிக்கிறது. ராஸும் ஸ்டெர்னும் இந்த இரண்டாம் மரபைச் சேர்ந்தவை. இவற்றைத் தகவலேடுகளின் வழியே ஒப்பிடுவோர் மிகப் பலர். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தரைவழியாகச் சென்று பார்ப்போர் மிகச் சிலர். அவ்வாறு செல்லும் பயணம் டெட்ராய்ட்டில் தொடங்குவதே பொருத்தமானது.

டெட்ராய்ட் நகரின் மேற்குப் பகுதியில் பதினெட்டு மாடிக் கோபுரத்துடன் நிற்கும் மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையம் 1913இல் திறக்கப்பட்டது. நியூயார்க்கின் புகழ்பெற்ற கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தை உருவாக்கிய கட்டடக்கலை நிறுவனங்களே இதையும் வடிவமைத்தன. இரண்டும் ஒரே ஆண்டில் பயன்பாட்டுக்கு வந்தன. அதே 1913இல்தான், நகரை அடுத்த ஹைலாந்து பார்க்கில் ஹென்றி ஃபோர்டின் தொழிற்சாலை, நகரும் பொருத்துவரிசையை, அதாவது வண்டி தொழிலாளரைத் தேடி நகர்ந்து வர ஒவ்வொருவரும் தம் இடத்தில் நின்று ஒரே வேலையைச் செய்யும் முறையை, நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கார்த் தொழிலோடு உயர்ந்த அந்நகரம் அத்தொழிலின் சரிவோடு தாழ்ந்தது. நிலையத்திலிருந்து கடைசி ரயில் 1988இல் புறப்பட்டது. 2013இல் நகராட்சியே திவால் நிலையை அறிவித்தது. பாழடைந்து கிடந்த நிலையத்தை 2018இல் ஃபோர்டு நிறுவனம் வாங்கிப் புதுப்பித்து 2024 ஜூனில் மீண்டும் திறந்தது. இன்று அதன் பளிங்கு மண்டபத்தில் நிற்கும் மாணவர், ஒரு தொழில் ஒரு நகரை எவ்வாறு உருவாக்குகிறது, எவ்வாறு கைவிடுகிறது, அதை மீட்க எத்தனை காலம் ஆகிறது என்ற மூன்றையும் ஒரே கூரையின்கீழ் காண முடியும். வணிகம் பயில வருபவர் எந்தப் பாடநூலையும் திறக்கும் முன் பார்த்தாக வேண்டிய இடம் இது.

டெட்ராய்ட்டிலிருந்து மேற்கே ஆன் ஆர்பர் ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 94ஆம் எண் நெடுஞ்சாலையில் செல்லும்போது, ஆலன் பார்க் என்னுமிடத்தில் சாலையோரமாக எண்பது அடி உயரமுள்ள ஒரு மாபெரும் டயர் நிற்கிறது. யூனிராயல் நிறுவனத்தின் விளம்பரமான அந்த டயர், 1964–65ஆம் ஆண்டுகளில் நியூயார்க்கில் நடந்த உலகக் கண்காட்சியில் மக்களை ஏற்றிச் சுழன்ற ராட்டினமாக இருந்து, பின்னர் மிச்சிகனுக்குக் கொண்டுவரப்பட்டது. மேலும் மேற்கே, இப்சிலாண்டிக்கு அருகில் வில்லோ ரன் உள்ளது; இரண்டாம் உலகப்போரின்போது ஃபோர்டு நிறுவனம் அங்கே பி–24 குண்டுவீச்சு விமானங்களைத் தயாரித்தது, 1944இல் உற்பத்தி உச்சத்தை எட்டியபோது ஏறத்தாழ மணிக்கு ஒரு விமானம் வெளிவந்தது. ராஸ் கல்லூரி அமைந்திருக்கும் மண் இத்தகையது: பொருளைச் செய்வது, பல்லாயிரம் பேரை ஒரே வேலையில் ஒருங்கிணைப்பது, உதிரிப் பாகங்கள் உரிய நேரத்தில் உரிய இடத்துக்கு வந்து சேரச் செய்வது ஆகியவற்றையே வணிகத்தின் மையமாகக் கருதிய மண்.

ஆன் ஆர்பர் முழுமையான பல்கலைக்கழக நகரம். 1817இல் டெட்ராய்ட்டில் நிறுவப்பட்ட மிச்சிகன் பல்கலைக்கழகம், மிச்சிகன் மாநிலத் தகுதி பெற்ற 1837இல் இங்கு இடம்பெயர்ந்தது. அதன் பின்னர் ஊரும் பல்கலைக்கழகமும் ஒன்றையொன்று சார்ந்தே வளர்ந்தன. வளாகத்தின் நடுவே மூலைவிட்டப் பாதைகள் சந்திக்கும் ‘டயாக்’ என்ற திறந்தவெளியில் ‘எம்’ என்ற ஆங்கில எழுத்து பித்தளையில் பதிக்கப்பட்டிருக்கிறது; முதல் தேர்வுக்கு முன் அதை மிதிக்கும் புதிய மாணவர் அத்தேர்வில் தோற்பார் என்ற நம்பிக்கையை இன்றும் மாணவர்கள் பேணுகின்றனர். அங்கிருந்து தெற்கே நடந்தால் கோதிக் பாணியில் கற்களால் எழுப்பப்பட்ட சட்டக் கல்லூரி வளாகமும், தெருவைக் கடந்தால் சுடுமண் ஓடுகளும் கண்ணாடியும் போர்த்திய ராஸ் கல்லூரியும் எதிர்ப்படுகின்றன. இவ்விரு கட்டடங்களின் பின்னணியிலும் நியூயார்க் உள்ளது. சட்டக் கல்லூரி வளாகத்துக்குப் பொருள் வழங்கிய வில்லியம் குக், மிச்சிகனில் பயின்று நியூயார்க்கில் நிறுவனச் சட்ட வழக்கறிஞராகச் செல்வம் ஈட்டியவர். வணிகக் கல்லூரிக்கு 2004இல் 10 கோடி டாலர் வழங்கி அதற்குத் தம் பெயரைப் பெற்றுத்தந்த ஸ்டீபன் ராஸ், மிச்சிகனில் கணக்கியல் பயின்று 1962இல் பட்டம் பெற்ற பின், வரிச் சட்டத்தில் முதுநிலைப் பட்டத்தை நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பெற்று, நியூயார்க்கிலேயே கட்டுமானத் தொழில் நிறுவனத்தை உருவாக்கினார். 2009இல் திறக்கப்பட்ட கல்லூரியின் முதன்மைக் கட்டடத்தை வடிவமைத்ததும் நியூயார்க்கைச் சேர்ந்த கோன் பெடர்சன் ஃபாக்ஸ் நிறுவனமே. ஆன் ஆர்பரிலிருந்து மாணவர்கள் நியூயார்க்குக்குச் செல்வதும், அங்கு ஈட்டிய செல்வத்தின் ஒரு பகுதி ஆன் ஆர்பருக்குத் திரும்புவதும் நூறாண்டு காலமாக நடந்துவருகிறது என்ற உண்மை, இவ்விரு கல்லூரிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியதாகும்.

1924இல் எட்மண்ட் எஸ்ரா டே என்ற பொருளியலாளரைத் தலைவராகக் கொண்டு தொடங்கப்பட்ட ராஸ் கல்லூரியில், இளநிலை வணிக நிர்வாகப் பட்டம் நெடுங்காலம் பல்கலைக்கழகப் படிப்பின் பிற்பகுதியில் மட்டுமே பயிலத் தக்கதாக இருந்து, பின்னர் படிப்படியாக நான்காண்டுப் படிப்பாக விரிந்தது. பட்டத்துக்குள் தனித்தனிச் சிறப்புப் பிரிவுகளை அறிவிக்க வேண்டிய கட்டாயம் இங்கு இல்லை. அனைவரும் பொதுவான அடிப்படைப் பாடங்களைக் கற்று, பிறகு விருப்பப் பாடங்களால் தம் வழியை அமைத்துக்கொள்கின்றனர். பொறியியல், பொது நலவாழ்வு, கலை, மொழி என மிகப் பரந்த ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தின் நடுவே கல்லூரி அமைந்திருப்பதால், இரண்டாவது பட்டமொன்றையும் சேர்த்துப் பெறும் மாணவர்களும் உள்ளனர். கல்லூரியின் தனி அடையாளமாகச் சொல்லப்படுவது செயல்வழிக் கற்றல். 1992இல் முதுநிலை மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட பல்துறைச் செயல்திட்டம் என்ற பாடமுறையில், மாணவர் குழு ஒன்று சில வாரங்கள் முழுமையாக ஒரு நிறுவனத்தின் உண்மையான சிக்கலை எடுத்துக்கொண்டு, களத்துக்குச் சென்று, தரவு திரட்டி, தீர்வைப் பரிந்துரைக்கிறது. அதன் வடிவம் இளநிலைக்கும் பின்னர் விரிவாக்கப்பட்டது. மாணவர்கள் தாமே முதலீட்டு முடிவுகளை ஆராய்ந்து எடுக்கும் வுல்வரின் துணிகர முதலீட்டு நிதி 1990களிலிருந்து இயங்கிவருகிறது. தொழிற்சாலைத் தரையில் பிறந்த மாநிலத்தின் கல்லூரி, செய்து பார்த்தே கற்க வேண்டும் என்று கருதுவதில் வியப்பில்லை.

தமிழ் வாசகருக்கு இக்கல்லூரி கோயம்புத்தூரில் பிறந்த சி. கே. பிரகலாத் வழியே நெருக்கமாகிறது. சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியல் பயின்று, அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்திலும் ஹார்வர்டிலும் மேலாண்மை கற்ற அவர், 1970களின் பிற்பகுதியிலிருந்து 2010இல் மறையும் வரை தம் ஆசிரியப் பணியின் பெரும்பகுதியை ஆன் ஆர்பரில் செலவிட்டார். ஒரு நிறுவனத்தின் வலிமை அதன் பொருள்களில் மட்டும் இல்லை, பல பொருள்களுக்கும் பொதுவாக அடியில் ஓடும் திறன்களின் தொகுப்பில் உள்ளது என்ற கருத்தை அவர் கேரி ஹேமலுடன் சேர்ந்து 1990இல் முன்வைத்தார். மேலாண்மைக் கல்வியில் ‘மையத் திறன்’ என்று இன்றும் கற்பிக்கப்படுவது அதுவே. உலகின் மிக வறியவர்களையும் மதிப்புமிக்க நுகர்வோராகக் கருதி வணிகம் செய்ய முடியும் என்று 2004இல் அவர் எழுதிய நூலில், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பற்றிய ஆய்வு முதன்மையான இடத்தைப் பெற்றது. அந்நூலின் நிறுவன ஆய்வுகளைத் திரட்டியதில் மிச்சிகன் மாணவர் குழுக்களுக்குப் பங்கு இருந்தது. பனி மூடிய சிறுநகரில் அமர்ந்து பயின்ற மாணவர்கள், மதுரையில் ஒரு மருத்துவமனை நாளொன்றுக்கு எத்தனை அறுவைச் சிகிச்சைகளை எத்தகைய ஒழுங்கில் செய்கிறது என்பதை அறியச் சென்றது, ஆன் ஆர்பரின் இயல்பை நன்கு விளக்குகிறது: உலகம் இங்கு வாசலில் நிற்பதில்லை, தேடிச் செல்ல வேண்டும், அதற்கான காலமும் துணையும் இங்கு கிடைக்கின்றன.

வணிக மாணவரும் இசை மாணவரும் பொறியியல் மாணவரும் விடுதிகளில் கலந்து வாழ்வதும், இலையுதிர்காலச் சனிக்கிழமைகளில் 1,07,601 இருக்கைகள் கொண்ட மிச்சிகன் விளையாட்டரங்கை நோக்கி நகரம் முழுவதும் நடந்து செல்வதும் இவ்வூர்க் கல்வியின் பகுதிகளே. 1960 அக்டோபரில் நள்ளிரவு கடந்த நேரத்தில் மிச்சிகன் யூனியன் கட்டடத்தின் படிகளில் நின்று ஜான் கென்னடி, வளரும் நாடுகளுக்குப் பணியாற்றச் செல்வீர்களா என்று மாணவர்களைக் கேட்டதும், அமைதிப் படை என்ற தன்னார்வத் தொண்டமைப்பு அடுத்த ஆண்டில் உருவானதும் இங்குள்ள மாணவர் சமூகத்தின் அடர்த்திக்குச் சான்று. அதே அடர்த்தி ஒரு வரம்பாகவும் அமைகிறது. பாடவேளை முடிந்த பிற்பகலில் ஒரு முதலீட்டு வங்கியிலோ பதிப்பகத்திலோ பகுதிநேரமாகப் பணி கற்கும் வாய்ப்பு இவ்வூரில் அரிது. நியூயார்க் நிறுவனங்கள் ஆள்தேர்வுக்காக வளாகத்துக்கு வருகின்றன என்றாலும், அவற்றின் அன்றாடத்தை மாணவர் கோடை விடுமுறைப் பயிற்சிக் காலத்திலேயே காண முடிகிறது.

டெட்ராய்ட்டிலிருந்தோ ஆன் ஆர்பரிலிருந்தோ நியூயார்க்குக்கு இன்று நேரடி ரயில் இல்லை. தெற்கே ஒகையோ மாநிலத்தின் டொலிடோ வரை பேருந்தில் சென்று, சிகாகோவிலிருந்து வரும் லேக் ஷோர் லிமிடெட் ரயிலைப் பின்னிரவில் பிடிக்க வேண்டும். அங்கிருந்து ஏறத்தாழ 1,150 கிலோமீட்டர் வழியைக் கடக்க அது பதினைந்து மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொள்கிறது. விமானம் இரண்டு மணி நேரத்துக்குள் கடந்துவிடும் இத்தொலைவை ரயிலில் கடப்பதன் பயன், அமெரிக்க வணிகத்தின் வரலாறு சன்னலுக்கு வெளியே வரிசையாக வருவதாகும். இயந்திரத்தால் கண்ணாடிப் புட்டி செய்யும் முறையை மைக்கேல் ஓவன்ஸ் 1903இல் நிறைவுசெய்த டொலிடோ முதலில் அமைகிறது. விடியலுக்கு முன் வருவது, ஜான் ராக்ஃபெல்லர் 1870இல் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தைத் தொடங்கிய கிளீவ்லாந்து. பொழுது விடிந்து, எரி ஏரியின் கரையோரமாகச் சென்று அடைவது பஃபலோ. மேற்குச் சமவெளியின் தானியம் ஏரி வழியாக வந்து இறங்கிய அந்நகரில்தான் 1842இல் ஜோசப் டார்ட் நீராவியால் இயங்கும் தானிய ஏற்றிக் கிடங்கைக் கட்டினார்.

பஃபலோவிலிருந்து ஆல்பனி வரை ரயில், எரி கால்வாய் சென்ற நிலப்பரப்பையே பெரும்பாலும் பின்பற்றுகிறது. 1817இல் தோண்டத் தொடங்கி 1825இல் நிறைவுற்ற, 363 மைல் நீளமுள்ள இக்கால்வாய், அட்லாண்டிக் கடலை ஹட்சன் ஆற்றின் வழியே பேரேரிகளுடன் இணைத்தது. மலைத்தொடரைச் சுற்றிக்கொண்டு நீர்வழியாகச் சரக்கு செல்ல முடிந்ததால் போக்குவரத்துச் செலவு பெருமளவில் குறைந்தது. கிழக்கிலிருந்து குடியேறியோர் அவ்வழியே மிச்சிகனுக்குச் சென்று நிலம் திருத்தினர். அவர்கள் விளைவித்த தானியமும் வெட்டிய மரமும் அவ்வழியே நியூயார்க்குக்கு வந்தன. அச்சரக்குக்குக் கடனும் காப்பீடும் விலையும் தீர்மானித்த இடமாக நியூயார்க் வளர்ந்து, போட்டியிட்ட பிலடெல்பியா, பாஸ்டன், பால்டிமோர் ஆகிய துறைமுகங்களை விஞ்சியது. மிச்சிகன் பல்கலைக்கழகம் தோன்றிய அதே 1817இல் கால்வாயின் முதல் மண்வெட்டு விழுந்தது. கால்வாய் நிறைவுற்று ஆறு ஆண்டுகளில், 1831இல், நியூயார்க் பல்கலைக்கழகம் தோன்றியது. மேற்கே விளைவிப்பதும் செய்வதும், கிழக்கே விலை வைப்பதும் பொருள் திரட்டுவதும் என்று பிரிந்த ஒரே பொருளாதாரத்தின் இரு முனைகளில் இவ்விரு பல்கலைக்கழகங்களும் அமைந்தன. உற்பத்தி சார்ந்த சிந்தனை ராஸில் மேலோங்குவதற்கும் நிதி சார்ந்த சிந்தனை ஸ்டெர்னில் மேலோங்குவதற்கும் வேர் இந்த நிலவியலில் இருக்கிறது.

வழியிலுள்ள நகரங்கள் எச்சரிக்கையும் தருகின்றன. ராச்செஸ்டர், ஜார்ஜ் ஈஸ்ட்மனின் கோடக் நிறுவனத்தால் செழித்து, 2012இல் அந்நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியதைக் கண்ட நகரம். மோஹாக் ஆற்றங்கரையின் ஸ்கெனெக்டடி, 1892இல் உருவான ஜெனரல் எலெக்ட்ரிக்கின் முன்னாள் தலைமையிடம். ஒரு காலத்தில் இவ்விரு பெயர்களும் வாழ்நாள் வேலைக்கு உறுதியளித்தன. இன்று பட்டம் பெறும் மாணவருக்கு அத்தகைய உறுதியை எந்த நிறுவனமும் அளிப்பதில்லை. ஆகவே முதல் வேலையை மட்டும் கருதிக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது குறுகிய கணக்காகிவிடும். ஆல்பனியைக் கடந்ததும் தண்டவாளம் ஹட்சனின் கிழக்குக் கரையை ஒட்டித் தெற்கே திரும்புகிறது. மாலையில் ரயில் மன்ஹாட்டனின் மேற்கு ஓரமாக ஹட்சன் யார்ட்ஸ் பகுதியை அடைந்து, 2021இல் திறக்கப்பட்ட மொய்னிஹான் ரயில் மண்டபத்தில் நிற்கிறது. ரயில் பணிமனையின் மேல் தளமிட்டு எழுப்பப்பட்ட ஹட்சன் யார்ட்ஸ் கட்டடத் தொகுதியும், பழைய அஞ்சலகக் கட்டடத்துக்குள் அமைந்த இம்மண்டபமும், ஸ்டீபன் ராஸ் நிறுவிய ரிலேட்டட் நிறுவனம் பிற நிறுவனங்களுடன் சேர்ந்து மேற்கொண்ட பணிகள். ஆன் ஆர்பரில் கல்லூரியின் முகப்பில் காணும் பெயருக்குரியவரின் தொழில் இங்கு நகரத்தின் ஒரு பகுதியாகவே எழுந்து நிற்கிறது.

நியூயார்க் பல்கலைக்கழகம் அமைந்த வாஷிங்டன் சதுக்கம், மொய்னிஹான் மண்டபத்திலிருந்து தெற்கே சில நிமிடச் சுரங்க ரயில் பயண தூரத்தில் உள்ளது. ஆதரவற்றோரைப் புதைக்கும் நிலமாக இருந்து, 1820களில் அணிவகுப்புத் திடலாக மாறிய இச்சதுக்கத்தின் வடபுறத்தில், ஸ்டான்ஃபர்டு வைட் வடிவமைத்த பளிங்கு வளைவு நிற்கிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்துக்குச் சுற்றுச்சுவரோ வாயிலோ இங்கு இல்லை. தெருவிலுள்ள கட்டடங்களில் தொங்கும் ஊதா நிறக் கொடிகளைக் கொண்டே எது வகுப்பறை, எது அலுவலகம் என்று அறிய வேண்டும். அமெரிக்க நிதியமைச்சராக இருந்த ஆல்பர்ட் காலட்டினும் பிறரும் பல்கலைக்கழகத்தை நிறுவியபோது, பரம்பரைச் செல்வரின் மக்களுக்கு மட்டுமின்றி வணிகர், கைவினைஞர் மக்களுக்கும் பயன்படும் கல்வியை நோக்கமாகக் கொண்டனர். 1896இல் நியூயார்க் மாநிலம், தேர்வு எழுதித் தகுதி பெற்ற பொதுக் கணக்காளர் என்ற தொழிலை நாட்டில் முதன்முதலாகச் சட்டத்தால் வரையறுத்தது. அத்தொழிலுக்கு ஆட்களைப் பயிற்றுவிக்க 1900இல் இப்பல்கலைக்கழகத்தில் வணிகம், கணக்கு, நிதி ஆகியவற்றுக்கான கல்லூரி தொடங்கப்பட்டு, இன்று டெலாய்ட் என அறியப்படும் நிறுவனத்தின் முன்னோடிகளுள் ஒன்றை நிறுவிய சார்ல்ஸ் வால்டோ ஹாஸ்கின்ஸ் அதன் முதல் தலைவரானார். பகலில் அலுவலகங்களில் வேலை செய்தோர் மாலையில் வந்து பயின்றனர். முன்னாள் மாணவரான லியோனார்டு ஸ்டெர்ன் 3 கோடி டாலர் வழங்கியதையொட்டி 1988இல் கல்லூரி இன்றைய பெயரைப் பெற்றது. வேலைக்கும் வகுப்புக்கும் இடையே நடந்து செல்லும் அந்தத் தொடக்ககால வழக்கம், இன்று பருவக் காலத்திலேயே பகுதிநேரப் பயிற்சிப் பணிக்குச் செல்லும் ஸ்டெர்ன் மாணவரிடம் தொடர்கிறது. நிதித்துறையின் மையமான வால் தெரு இங்கிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர்.

ஸ்டெர்னில் மாணவர் முதலாண்டிலேயே கல்லூரியின் உறுப்பினராகிறார். வணிகத்தில் இளநிலை அறிவியல் பட்டத்துக்குள் நிதி, கணக்கியல், சந்தையியல் முதலிய சிறப்புப் பிரிவுகளில் ஒன்றையோ பலவற்றையோ தேர்கிறார். பிற நாட்டு நிறுவனமொன்றை வகுப்பில் ஆராய்ந்து, பின் அந்நாட்டுக்கே சென்று காணும் பாடமும், பல்கலைக்கழகத்தின் அபுதாபி, ஷாங்காய், லண்டன் முதலிய மையங்களில் ஒரு பருவம் பயிலும் வாய்ப்பும் உள்ளன. தரக் கட்டுப்பாட்டுச் சிந்தனையால் ஜப்பானியத் தொழில்துறையை மாற்றிய எட்வர்ட்ஸ் டெமிங்கும், மேலாண்மை எழுத்தின் முன்னோடியான பீட்டர் டிரக்கரும் நெடுங்காலம் இப்பல்கலைக்கழகத்தில் கற்பித்தனர். சென்னையில் பிறந்து, லயோலா கல்லூரியிலும் பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்திலும் பயின்ற அஸ்வத் தாமோதரன், 1986 முதல் ஸ்டெர்னில் நிறுவன மதிப்பீட்டைக் கற்பிக்கிறார். ஒரு நிறுவனம் எதிர்காலத்தில் ஈட்டக்கூடிய பணத்தையும் அதிலுள்ள இடரையும் கணித்து இன்றைய மதிப்பைக் காணும் கலை அது. தம் விரிவுரைகளையும் தரவுகளையும் அவர் இணையத்தில் எவருக்கும் இலவசமாகத் திறந்து வைத்துள்ளார். லயோலாவில் பயின்ற பிரகலாத் ஆன் ஆர்பரிலும் தாமோதரன் நியூயார்க்கிலும் ஆசிரியராக நிலைபெற்றது, இவ்விரு கல்லூரிகளையும் ஒப்பிடும் தமிழ்க் குடும்பத்துக்கு மகிழ்ச்சி தருவதோடு ஒரு தெளிவையும் தருகிறது: புகழ்பெற்ற ஆசிரியரின் பாடம் ஆன் ஆர்பரிலிருந்தும் மதுரையிலிருந்தும் கேட்கக் கிடைக்கும்போது, கல்லூரி மட்டுமே தரக்கூடியவை உடன்பயிலும் தோழமையும், கேள்வி கேட்கும் வாய்ப்பும், நான்காண்டுக் காலத்தைச் செலவிடும் முறையுமே ஆகும்.

ஸ்டெர்ன் வகுப்பறைகளுக்கு அருகில், கிரீன் தெருவும் வாஷிங்டன் பிளேஸும் சந்திக்கும் முனையில், பல்கலைக்கழகத்துக்கே உரிய பத்து மாடிக் கட்டடமொன்று உள்ளது. 1911 மார்ச் 25 அன்று அதன் மேல் மாடிகளில் இயங்கிய டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பற்றியது. வெளியேறும் கதவு பூட்டப்பட்டிருந்ததால் 146 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் யூத, இத்தாலியக் குடியேறிகளான இளம்பெண்கள். அடுத்த கட்டடத்தில் பயின்றுகொண்டிருந்த நியூயார்க் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் ஏணிகளை இறக்கி, கூரைக்கு ஏறியவர்களை மீட்டனர். அந்தத் துயரத்தின் விளைவாக மாநிலம் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டங்களைத் திருத்தி எழுதியது. அத்தீவிபத்தை நேரில் கண்ட பிரான்சிஸ் பெர்கின்ஸ் பின்னாளில் அமெரிக்க அமைச்சரவையின் முதல் பெண் உறுப்பினராகத் தொழிலாளர் துறையை நடத்தினார். இறந்தோர் பெயர்களைத் தாங்கிய நினைவுச்சின்னம் 2023இல் அங்கு நிறுவப்பட்டது. வணிகமும் சமூகமும் பற்றிய பாடங்களைத் தொடர்வரிசையாக ஸ்டெர்ன் அனைத்து இளநிலை மாணவர்க்கும் கட்டாயமாக்கியுள்ளது. அப்பாடங்கள் எதைப் பற்றியவை என்பதை இத்தெருமுனை எந்த விரிவுரையையும் விட வலிமையாக உணர்த்துகிறது. மிச்சிகன் மாணவருக்கு இதற்கிணையான இடம் ஃபிளின்ட் நகரம்: 1936–37ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே அமர்ந்து போராடித் தம் சங்கத்துக்கு ஏற்பைப் பெற்றது அங்குதான். எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் இத்தகைய இடத்தைத் தேடிக் காணாத வணிகக் கல்வி குறையுடையது.

நியூயார்க்கின் அருமையே அதன் விலையுமாகும். மாணவர் சமூகம் நகரத்துக்குள் கரைந்துவிடுவதால், நட்பு தானாக அமைவதில்லை; அதை முயன்று தேட வேண்டியிருக்கிறது. முதலாண்டு முடியும் முன்னரே பயிற்சிப் பணிகளுக்கான போட்டி தொடங்கி, நிதித்துறை ஒன்றே வெற்றியின் அளவுகோல் என்ற எண்ணம் பரவும் சூழலில், தன் விருப்பம் எதுவென்று இன்னும் அறியாத பதினெட்டு வயது மாணவர், சுற்றியிருப்போரின் விருப்பத்தைத் தன் விருப்பமாக எடுத்துக்கொள்ளும் இடர் உண்டு. நிதித்துறை ஆள்தேர்வை நோக்கிய அதே ஓட்டம் ஆன் ஆர்பரிலும் இருக்கிறது என்பதை மறுக்க இயலாது. அங்கு அதைச் சூழ்ந்து வேறு வாழ்க்கைகளும் கண்ணில் படுகின்றன என்பதே வேறுபாடு. மறுபுறம், தன் நாட்டம் சந்தைகளிலோ ஊடகத்திலோ ஆடைத் தொழிலிலோ உறுதியாக இருப்பதை உணர்ந்த மாணவருக்கு, அத்துறையின் மனிதர்களை வாரந்தோறும் சந்திக்கும் நகரத்தில் நான்காண்டுகள் வாழ்வது ஈடு சொல்ல முடியாத கல்வி.

தரவரிசைகள் இத்தகைய வேறுபாட்டைக் காட்டுவதில்லை. அமெரிக்கக் குடும்பங்கள் மிகுதியாக நம்பும் யூ.எஸ். நியூஸ் இதழின் இளநிலை வணிகப் பட்டியல், வணிகக் கல்லூரிகளின் தலைவர்களும் மூத்த பேராசிரியர்களும் பிற கல்லூரிகளுக்கு வழங்கும் மதிப்பெண்களை மட்டுமே அடிப்படையாகக் கொண்டது. கற்பித்தலின் தரம், மாணவரின் மனநிறைவு, பட்டதாரியின் கடன் ஆகிய எவையும் அக்கணக்கில் இடம்பெறுவதில்லை. ராஸும் ஸ்டெர்னும் அப்பட்டியலின் முன்வரிசையில் அருகருகே இடம்பெற்று வருபவை; ஓரிரு இடங்கள் முன்னும் பின்னும் மாறுவதை வைத்து நான்காண்டு வாழ்வைத் தீர்மானிப்பது பொருளற்றது.

பணத்தின் கணக்கு அதைவிட மிகவும் உண்மையானது. மிச்சிகன் பொதுப் பல்கலைக்கழகம் என்பதால், அம்மாநிலத்தில் வசிப்போர் செலுத்தும் கல்விக் கட்டணம் வெளியார் செலுத்துவதில் பாதிக்கும் மிகக் குறைவு. வருமானம் குறைந்த மாநிலக் குடும்பங்களுக்குக் கட்டணத்தையே நீக்கும் உறுதித்திட்டமும் 2018 முதல் உள்ளது. அம்மாநில மாணவருக்கு, வேறு பெரிய காரணம் இல்லாதவரை, ஆன் ஆர்பரே அறிவார்ந்த தேர்வு. வெளிமாநிலத்தாருக்கும் வெளிநாட்டாருக்கும் இந்த வேறுபாடு சுருங்கிவிடுகிறது. விடுதி, உணவு உட்பட இரு இடங்களிலும் ஆண்டுச் செலவு 80,000 டாலரைத் தாண்டுகிறது, நியூயார்க்கில் இன்னும் கூடுதல். அந்நிலையில் ஒப்பிட வேண்டியது அறிவிக்கப்பட்ட கட்டணத்தை அன்று. உதவித்தொகையைக் கழித்த பின் குடும்பம் உண்மையில் செலுத்த வேண்டிய தொகையை, அதுவும் நான்காண்டுக்கும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கடன் பெருகப் பெருக, பட்டதாரி தமக்குப் பிடித்த வேலையைத் தேர்வதற்கான உரிமை சுருங்குகிறது. இந்தியாவிலிருந்து செல்லும் மாணவர் மேலும் ஒன்றை விசாரிக்க வேண்டும்: படிப்புக்குப் பின் அமெரிக்காவில் பயிற்சியாகப் பணியாற்றப் பொதுவாக 12 மாதங்களே அனுமதி; அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் சார்ந்ததாக வகைப்படுத்தப்பட்ட பட்டத்துக்கு மேலும் 24 மாதங்கள் கிடைக்கும்; தாம் சேரவிருக்கும் பட்டமும் பிரிவும் எந்த வகையில் வருகின்றன என்பதைக் கல்லூரியிடமே எழுத்தில் கேட்டறிவது நன்று.

இவ்வழியை ஒரு முறை கடந்தோர்க்கு, இரு கல்லூரிகளும் ஒரே பாதையின் இரு முனைகளாகவே தோன்றும். ராஸில் பயின்றோர் பலர் இறுதியில் நியூயார்க்கில் பணியாற்றுகின்றனர். ஸ்டெர்னில் பயின்றோரும் தொழிற்சாலைகளையும் மருத்துவமனைகளையும் நடத்தக் கற்றாக வேண்டும். எனவே மாணவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, இப்பாதையில் எந்த முனையிலிருந்து தொடங்குவது தமக்கு நல்லது என்பதே. தம்மை இன்னும் கண்டறிய வேண்டிய நிலையில், பல துறையினரிடையே, சந்தையின் நெருக்கடியிலிருந்து சற்று விலகி வளர விரும்பும் மாணவர் ஆன் ஆர்பரில் தொடங்கலாம். ஆனால் அவர் கோடைதோறும் வெளியுலகை முனைந்து தேடிச் செல்ல வேண்டும். தம் நாட்டத்தை அறிந்து, தனிமையைத் தாங்கவும் தம் நேரத்தைத் தாமே காக்கவும் வல்லவர் வாஷிங்டன் சதுக்கத்தில் தொடங்கலாம். ஆனால் வேலைக்குப் பயன்படாத நூல்களுக்கும் நட்புக்கும் அவர் நாள்தோறும் இடம் ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு கல்லூரியும் தராததை மாணவரே தேடிச் சேர்க்க வேண்டியிருப்பதால், எந்தக் குறையைத் தம்மால் எளிதில் நிறைவுசெய்ய முடியும் என்பதை அவர் நேர்மையோடு எண்ணிப் பார்க்க வேண்டும். பெற்றோரின் கடமை, குடும்பத்தால் எவ்வளவு செலுத்த இயலும் என்பதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுவதும், அந்த எல்லைக்குள் மகளோ மகனோ எடுக்கும் முடிவை ஊராரின் ஒப்பீடுகளிலிருந்து காப்பதும் ஆகும். அவ்வாறு எடுக்கப்பட்ட முடிவு எந்த முனையைத் தேர்ந்தாலும், அதை நிறைவேற்றும் பொறுப்பை மாணவர் தாமாக ஏற்றுக்கொள்கிறார். வணிகக் கல்வி கற்பிக்க விரும்பும் முதல் பாடமும் அந்தப் பொறுப்பே.